அத்தியாயம் 5: படத்தை ஓடவிடுமுன் ஒரு கேள்வி

வகுப்பறைத் திரையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கருவியில் தொடங்கிக் கருவியிலேயே முடிந்துவிடுகிறது. எத்தனை அங்குலம், தொடுதிரையா, இணைய வேகம் போதுமா, ரிமோட் யாரிடம் இருக்கும் என்பவை எல்லாம் தேவையான கேள்விகள்தான். இந்த அத்தியாயத்தின் பிற்பகுதியில் அவற்றுக்கும் இடமுண்டு. ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. படம் ஓடும் அந்த ஐந்து நிமிடத்தில் பிள்ளையின் மனம் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது?

கருவிகள்மீது நாம் வைத்த நம்பிக்கைக்கு நூறாண்டுக்கு மேல் வயதாகிறது. இன்னும் பத்தாண்டுகளில் பள்ளிகளில் புத்தகத்துக்கு வேலை இருக்காது, எல்லாப் பாடமும் திரைப்படமாக வந்துவிடும் என்று 1913இல் தாமஸ் எடிசன் சொன்னார். 1975 ஆகஸ்டில் இந்தியா நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஓராண்டுக் காலம் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டு சென்றது. சைட் எனப்பட்ட அந்தத் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே நிகழ்ச்சிகள் இருந்தன. தமிழ்நாட்டில் 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் அச்சாயின. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2023இல் மணற்கேணி செயலி வந்தது. அரசுப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப், ஸ்மார்ட் வகுப்பறை என்று திரைகளும் வந்து சேர்ந்தன.

இவ்வளவு வந்த பிறகும், பல பள்ளிகளில் அந்தத் திரை துணி போர்த்தியபடி நிற்கிறது. இல்லையென்றால், ஆசிரியர் விடுப்பில் இருக்கும் பீரியடில் பிள்ளைகளை அமைதியாக உட்கார வைப்பதற்காக ஓடுகிறது. இரண்டாவது நிலை முதலாவதைவிட மேலானது என்று நான் நினைக்கவில்லை. படம் பார்ப்பதென்றால் சும்மா உட்கார்ந்திருப்பது என்று பிள்ளைகள் ஒருமுறை பழகிவிட்டால், பிறகு அந்தத் திரையை வைத்துப் பாடம் நடத்துவது கடினம்.

கணிப்பு முதலில்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மஸூரும் அவருடைய குழுவினரும் அறிமுக இயற்பியல் வகுப்புகளில் நடத்திய ஓர் ஆய்வு 2004இல் வெளியானது. வகுப்பில் செய்துகாட்டும் சோதனைகளைப் பற்றியது அது. சிலர் சோதனையைப் பார்க்கவே இல்லை. சிலர் பார்த்தார்கள், ஆசிரியரின் விளக்கத்தையும் கேட்டார்கள். சிலர் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுப் பார்த்தார்கள். இன்னும் சிலர் எழுதியதோடு, பார்த்த பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசவும் செய்தார்கள். பருவ இறுதியில் அதே கருத்துகளைச் சோதித்தபோது, வெறுமனே பார்த்தவர்கள் பார்க்கவே பார்க்காதவர்களைவிடப் பெரிதாக முன்னேறியிருக்கவில்லை. முன்கூட்டியே கணித்தவர்கள் தெளிவாக மேலே இருந்தார்கள்.

அது மேசைமேல் செய்த சோதனைகளைப் பற்றிய ஆய்வு. ஆனாலும் திரையில் ஓடும் காணொலிக்கு அது இன்னும் கூடுதலாகவே பொருந்தும் என்பது என் துணிபு. கண்ணெதிரே நடக்கும் சோதனையில் ‘நடக்குமா நடக்காதா’ என்ற பதற்றமாவது இருக்கும். காணொலியில் அதுவும் கிடையாது, எல்லாம் சரியாகவே நடந்து முடியும்.

காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. எந்தப் பிள்ளையும் வெறும் மனத்தோடு திரைக்கு முன் உட்காருவதில்லை. மழை எப்படிப் பெய்கிறது, மின்சாரம் எப்படிப் போகிறது என்பதற்கெல்லாம் தனக்கென்று ஒரு விளக்கத்தை அது ஏற்கெனவே வைத்திருக்கிறது. அந்த விளக்கத்தை வெளியே எடுத்து எழுதாதவரை, பார்க்கும் படம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. ‘இதுதான் நடக்கும்’ என்று எழுதியவனுக்கோ, வேறொன்று நடக்கும்போது ஒரு திடுக்கிடல் உண்டாகிறது. பாடம் நுழைவது அந்தத் திடுக்கிடலின் வழியாகத்தான்.

ஆகவே இந்நூல் முழுவதற்கும் அடிப்படையாக ஒரு நடைமுறையைச் சொல்கிறேன். எந்தக் காணொலியானாலும், எந்த அசைபடமானாலும், ஓடவிடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள். பிள்ளைகள் விடையை ரஃப் நோட்டில் எழுதட்டும். வாயால் சொன்னால் போதாது. வாயால் கேட்டால் முதல் பெஞ்சில் இருக்கும் மூன்று பேர் சொல்வார்கள், மற்றவர்கள் ‘நானும் அதைத்தான் நினைத்தேன்’ என்று தலையாட்டிவிடுவார்கள். எழுதியது எழுதியபடி நிற்கும். தவறான கணிப்புக்கு மதிப்பெண் குறையாது, திட்டும் விழாது என்பதை முதல் வாரத்திலேயே உறுதியாகச் சொல்லிவிடுங்கள். அந்த உறுதி இல்லாத வகுப்பில் பிள்ளைகள் கணிக்க மாட்டார்கள், காத்திருப்பார்கள்.

ஒரு பாடம் முழுதாக: கத்திரி வெயில் ஏன் அடிக்கிறது?

முறையைப் பொதுவாகச் சொல்வதைவிட ஒரு பாடத்தை எடுத்து முழுதாக நடத்திப் பார்ப்பது நல்லது. பருவகாலங்களை எடுத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்புக்கோ ஒன்பதாம் வகுப்புக்கோ இரண்டு பாடவேளைகள் போதும்.

திரையை அணைத்தே வைத்துவிட்டு இப்படிக் கேளுங்கள்: ‘மே மாதம் கத்திரி வெயில் கொளுத்துகிறது, மார்கழியில் விடியற்காலை குளிர்கிறது. ஏன்?’ வகுப்பில் பாதிக்கு மேல் எழுதும் விடை எதுவாக இருக்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம். கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போகிறது, குளிர்காலத்தில் தள்ளிப் போகிறது. இது நம் பிள்ளைகளின் குறை மட்டும் இல்லை. 1987இல் வெளிவந்த ‘எ பிரைவேட் யூனிவர்ஸ்’ என்ற ஆவணப்படத்தில், ஹார்வர்டு பட்டமளிப்பு நாளன்று அங்கியோடு நின்ற பட்டதாரிகளிடமும் பேராசிரியர்களிடமும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். பெரும்பாலோர் சொல்லும் விடையும் இதுதான்.

இப்போது கரும்பலகையில் இரண்டே வரிகள் எழுதுங்கள். ஜனவரி முதல் வாரத்தில் பூமிக்கும் சூரியனுக்கும் இடையே சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்தில் சுமார் 15.2 கோடி கிலோமீட்டர். அப்படியே விட்டுவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். மார்கழிப் பனியில் வாசலில் கோலம் போடும் நாட்களில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது என்பது மெல்ல மெல்லப் பிடிபடும். யாராவது ஒருவர் ‘சார், மாத்தி எழுதிட்டீங்க’ என்பார். அவர் அப்படிச் சொல்வது நல்ல அறிகுறி, உடனே விளக்கிவிடாதீர்கள்.

அடுத்தது படத்தைப் பற்றிய பாடம். பாடநூல்களிலும் காணொலிகளிலும் பூமியின் பாதையைச் சாய்வான கோணத்திலிருந்து வரைகிறார்கள். அதனால் அது முட்டை வடிவமாகத் தெரிகிறது. ‘பக்கத்தில் போகிறது, தள்ளிப் போகிறது’ என்ற எண்ணத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததில் அந்தப் படத்துக்கும் பங்கு உண்டு. தரையில் ஒரு மீட்டர் கயிற்றை வைத்து ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். பூமியின் உண்மையான பாதையை அதே அளவில் வரைந்தால், நீளமான பக்கத்துக்கும் குறுகிய பக்கத்துக்கும் இடையே ஆரத்தில் வேறுபாடு 0.14 மில்லிமீட்டர்தான். சாக்பீஸ் கோட்டின் தடிமனுக்குள் அது மறைந்துவிடும். சூரியன் மட்டும் வட்டத்தின் மையத்தைவிட்டு ஏறக்குறைய 1.7 சென்டிமீட்டர் விலகி இருக்கும். பிள்ளைகள் தாங்களே வரைந்த வட்டத்தைப் பார்த்துவிட்டுப் பாடநூல் படத்தைப் பார்க்கும்போது, படங்களை நம்புவதற்கு முன் கேள்வி கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தானாகப் புரியும்.

அதற்குப் பிறகே திரைக்கு வேலை. இங்கே எனக்குப் பிடித்த கருவி ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள். கணினியில் ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே இயங்கும். வெளிநாட்டுக் காணொலிகளில் பருவகாலம் என்றால் பனி பொழியும், இலை உதிரும், மறுபடி துளிர்க்கும். திருநெல்வேலியில் படிக்கும் பிள்ளைக்கு அதில் தன் ஊர் எங்கே இருக்கிறது? ஸ்டெல்லேரியத்தில் உங்கள் ஊரையே இடமாகக் கொடுக்கலாம். ஊரைக் கொடுத்து, நேரத்தை நண்பகலில் வைத்துவிட்டு, ஓடவிடுமுன் இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள்: ‘ஜூன் 21 அன்று நண்பகலில் நம் பள்ளிக் கொடிக்கம்பத்தின் நிழல் எந்தப் பக்கம் விழும்?’

வடக்கு என்று பலர் எழுதுவார்கள். நிழலே விழாது என்று சிலர் எழுதுவார்கள். நாட்களை ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டுங்கள். டிசம்பரில் தெற்கே தாழ்ந்திருந்த நண்பகல் சூரியன் மெல்ல ஏறி, ஏப்ரலில் உச்சிக்கு வந்து, அதையும் தாண்டி வடக்குப் பக்கம் போய்விடும். ஜூனில் நிழல் தெற்கே விழும். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த இரண்டு நாட்களிலும் நண்பகலில் கம்பத்துக்கு நிழல் இருக்காது. தெற்கே போகப்போக முதல் நாள் முன்னால் வரும், இரண்டாவது நாள் பின்னால் போகும். இந்த நண்பகல் கடிகாரத்தின் 12 மணிக்குச் சரியாக வராது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஊருக்கு ஊரும் மாதத்துக்கு மாதமும் சில நிமிடங்கள் மாறும், ஸ்டெல்லேரியமே அதைக் காட்டிவிடும்.

திரையில் பார்த்தது பாதிதான். மீதிப் பாதி வெளியே இருக்கிறது. ஒரு மீட்டர் குச்சியை நட்டு மாதம் ஒருமுறை நண்பகல் நிழலை அளக்கச் சொல்லுங்கள். சென்னையில் டிசம்பர் 21 அன்று அது வடக்கே ஏறக்குறைய 74 சென்டிமீட்டர் நீளும். ஜூன் 21 அன்று தெற்கே 18 சென்டிமீட்டர்தான். பள்ளி திறக்கும் ஜூனில் தொடங்கினால் ஆகஸ்டில் நிழலில்லா நாள் கிடைக்கும், டிசம்பரில் நீண்ட நிழல் கிடைக்கும். ஏட்டில் எழுதி வைத்த அந்த எண்களையே பிறகு திரையில் வரைபடமாகப் போடலாம். தாங்கள் அளந்த எண் திரையில் வருவதற்கும், யாரோ அளந்த எண் வருவதற்கும் பிள்ளைகளின் முகத்தில் இருக்கும் வேறுபாட்டை நீங்களே பார்ப்பீர்கள்.

ஒன்று மிச்சமிருக்கிறது. சாய்ந்து விழும் வெயில் ஏன் குறைவாகச் சுடுகிறது? வரைபடத்தாளின்மேல் டார்ச் ஒளியை நேராக அடித்து, ஒளி விழும் கட்டங்களை எண்ணுங்கள். பிறகு டார்ச்சைத் தாளோடு 30 பாகை ஆகும்படி சாய்த்து எண்ணுங்கள். அதே ஒளி ஏறக்குறைய இரண்டு மடங்கு பரப்பில் பரவியிருக்கும். இதை மேசைமேல் செய்தால் முன்வரிசைக்கு மட்டும்தான் தெரியும். கைப்பேசிக் கேமராவை மேலே பிடித்துத் திரையில் காட்டினால் நாற்பது பேரும் சேர்ந்து கட்டம் எண்ணலாம். வெளிச்சத்தின் சாய்வு, பகல் நீளம் இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகு (சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் ஒன்றரை மணி நேர வேறுபாடு உண்டு), 23.5 பாகைச் சாய்வோடு சூரியனைச் சுற்றும் பூமியின் காணொலியைக் காட்டுங்கள். பொதுவாக நாம் முதலில் காட்டும் படம் இந்தப் பாடத்தில் கடைசியில் வருகிறது. அதற்குள் அந்தப் படத்திடம் கேட்பதற்குப் பிள்ளைகளிடம் கேள்விகள் சேர்ந்திருக்கும்.

படம் சொல்லும் பொய்கள்

முட்டை வடிவப் பாதையைப் போலப் பல படங்கள் சொல்லாமலே தவறான செய்தியைக் கொடுத்துவிடுகின்றன. இரத்த ஓட்டப் படத்தில் சிரைகளை நீலத்தில் வரைகிறோம். ஆக்சிஜன் குறைந்த இரத்தம் கருஞ்சிவப்பாகத்தான் இருக்கும், நீலமாக இருக்காது. சூரியக் குடும்பப் படத்தில் கோள்கள் பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக நிற்கின்றன. சூரியனை 14 சென்டிமீட்டர் பந்தாக வைத்தால், பூமி கடுகளவில் 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நெப்டியூன் ஏறத்தாழ 450 மீட்டர் தள்ளி, அதாவது பள்ளிச் சுற்றுச்சுவருக்கும் வெளியே. சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் கிரீன்லாந்து இந்தியாவைவிடப் பெரிதாகத் தெரிகிறது. உண்மையில் இந்தியாதான் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரியது. கூகுள் எர்த்தில் உருண்டையைச் சுழற்றிக் காட்டினால் அது ஒரு நொடியில் புலப்படும்.

இதற்காகப் படங்களைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. எந்தப் படத்தைக் காட்டினாலும் ‘இதில் எது உண்மையான அளவில் இல்லை, எந்த நிறம் நிஜ நிறம் இல்லை?’ என்று பிள்ளைகளைக் கேட்பதை வழக்கமாக்குங்கள். ஆறாம் வகுப்பிலேயே தொடங்கலாம். இந்தப் பழக்கம் அறிவியல் பாடத்தைத் தாண்டியும் அவர்களோடு வரும் என்று நம்புகிறேன். கைப்பேசியில் தினமும் வந்து குவியும் படங்களை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதும் இதிலிருந்துதான் உருவாகிறது.

ஒலியை அணையுங்கள், இடையில் நிறுத்துங்கள்

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ரிச்சர்டு மேயர், படமும் சொல்லும் சேர்ந்து வரும்போது மனம் எப்படிக் கற்கிறது என்பதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தவர். அவருடைய முடிவுகளில் வகுப்பறைக்கு மிகவும் பயன்படுவது, கண்ணுக்கும் காதுக்கும் தனித்தனியே ஓர் அளவு உண்டு என்பது. ஒரே வாக்கியத்தைத் திரையிலும் எழுதி, வாயாலும் படித்தால், படத்தைப் பார்க்க வேண்டிய கண் எழுத்தைப் படிக்கப் போய்விடுகிறது. அதனால் படம் இருக்கும் இடத்தில் எழுத்தைக் குறையுங்கள். பெயர்க் குறிப்பை அந்தந்த உறுப்பின் பக்கத்திலேயே வையுங்கள். கீழே 1, 2, 3 என்று பட்டியல் போட்டால் கண் மேலும் கீழும் அலைந்து களைத்துவிடும். பாடத்துக்குச் சம்பந்தமில்லாத பின்னணி இசை, ஓரத்தில் ஆடும் பொம்மை எல்லாம் கவனத்தைத் திருடுகின்றன. ‘கலர்ஃபுல்லா இருந்தா பசங்களுக்குப் பிடிக்கும்’ என்பது சரிதான். ஆனால் எதைப் பிடித்திருந்தது என்று மறுநாள் கேட்டால் பொம்மையைத்தான் சொல்வார்கள்.

தமிழ்வழி வகுப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு. நல்ல அசைபடங்கள் பல ஆங்கில விவரிப்போடு வருகின்றன. அந்த ஆங்கிலம் வேகமானது, உச்சரிப்பும் பழக்கமில்லாதது. பிள்ளைகள் ஓரளவு புரிந்ததுபோலத் தலையாட்டுவார்கள். ஒலியை முழுதாக அணைத்துவிட்டு நீங்களே பேசுங்கள். உங்கள் ஊர்த் தமிழில், உங்கள் வகுப்பின் வேகத்தில் பேசுங்கள். இதயத்தின் அறைகள் சுருங்கி விரியும் படத்துக்கு உங்கள் குரலே போதும். வால்வு மூடும் கணத்தில் நிறுத்தி, ‘இது மூடலன்னா ரத்தம் எங்க போகும்?’ என்று கேட்கலாம். எந்த விவரிப்பாளராலும் உங்கள் வகுப்பைப் பார்த்து அப்படிக் கேட்க முடியாது. அடுத்த முறை அதே படத்தை ஓடவிட்டு ஒரு மாணவியைப் பேசச் சொல்லுங்கள். அவளுக்கு எங்கே புரியவில்லை என்பது அவள் தடுமாறும் இடத்தில் தெரிந்துவிடும்.

நிறுத்தும் இடங்களை முன்னாலேயே குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு, காணொலியை முந்தைய நாளே தனியாக, முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தலாம். நிறுத்தியதும் விளக்கம் சொல்ல வேண்டாம். ‘அடுத்து என்ன வரும்?’ என்று கேட்டுவிட்டு, எழுத நேரம் கொடுங்கள். பத்து நிமிடக் காணொலியில் உங்கள் பாடத்துக்குத் தேவையானது நான்கு நிமிடம்தான் என்றால், அந்த நான்கை மட்டும் காட்டுங்கள்.

கைப்பேசி ஓர் ஆய்வுக் கருவி

பெரிய திரை இல்லாத பள்ளியிலும் ஓர் ஆசிரியரின் கைப்பேசி இருக்கும். அதை வேதியியல் ஆய்வகத் தாங்கியில் கவ்விப் பிடிக்க வைத்து, கேமரா கீழே பார்க்கும்படி மாட்டி, கம்பி வழியாகவோ வைஃபை வழியாகவோ புரொஜெக்டரோடு இணைத்தால், காசில்லாமல் ஓர் ஆவணக் கேமரா தயார். இதன் மிகச் சிறந்த பயன் மாணவரின் நோட்டுப் புத்தகத்தைத் திரையில் காட்டுவது. ஒரு கணக்கை இருவர் இரண்டு வழியில் போட்டிருந்தால், இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வகுப்பே பேசலாம். நோட்டின் சொந்தக்காரரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். தவறான விடையைக் காட்டுவதானால் பெயரை மறைத்துவிடுங்கள்.

ஸ்லோ மோஷன் வசதியும் பெரிய வரம். ஒரு மீட்டர் அளவுகோலைச் சுவரில் ஒட்டி, அதன் முன் ஒரு பந்தை விட்டுப் படமெடுங்கள். ஒவ்வொரு பத்தில் ஒரு நொடிக்கும் படத்தை நிறுத்திப் பந்தின் இடத்தைக் குறித்தால், விழுந்த தூரம் ஏறக்குறைய 5, 20, 44, 78 சென்டிமீட்டர் என்று வரும். ஒவ்வொரு இடைவெளியிலும் விழுந்த தூரங்கள் 1, 3, 5, 7 என்ற ஒற்றை எண்களின் விகிதத்தில் அமையும். சாய்தளத்தில் உருண்டையை விட்டு கலிலியோ கண்டறிந்த அதே விதி. ஓடவிடுமுன் கேட்க வேண்டிய கேள்வி: ‘ஒவ்வொரு பத்தில் ஒரு நொடியிலும் பந்து ஒரே தூரம்தான் விழுமா?’ வேகமும் முடுக்கமும் குழம்பிக் கிடக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த நான்கு எண்கள் பத்துப் பக்கத்துக்குச் சமம்.

டிவி ரிமோட்டை அழுத்திக் கேமரா வழியாகப் பாருங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி மின்னுவது பல கைப்பேசிகளில் தெரியும். பின்கேமராவில் தெரியாவிட்டால் முன்கேமராவில் முயலுங்கள். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் 2014இல் அறிமுகப்படுத்திய ஃபோல்டுஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி 140 மடங்கு பெரிதாக்கும். அதைக் கைப்பேசிக் கேமராவோடு சேர்த்தால் வெங்காயத்தோலின் செல்களை வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் பார்க்கும். அங்கும் பார்க்குமுன் ‘என்ன வடிவம் தெரியும்?’ என்று வரையச் சொல்ல மறக்காதீர்கள்.

புவியியலில் கூகுள் எர்த்தின் டைம்லாப்ஸ் 1984 முதலான செயற்கைக்கோள் படங்களைத் தொடர்ச்சியாக ஓடவிடுகிறது. இஸ்ரோவின் புவன் தளத்திலும் நம் ஊரின் படங்கள் கிடைக்கும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தையோ உங்கள் ஊர் ஏரியையோ காட்டுங்கள். தாத்தா பாட்டியிடம் ‘இந்த ஏரி எதுவரைக்கும் இருந்துச்சு?’ என்று கேட்டு வரச் சொல்லி, மறுநாள் திரையில் ஒப்பிடுங்கள்.

மவுஸ் யார் கையில்?

கணிதத்துக்கு ஜியோஜீப்ரா, அறிவியலுக்கு ஃபெட் என்ற இரண்டு மென்பொருள்களும் இலவசம். முன்னதை 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் தொடங்கினார். பின்னதை 2002இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் கொலராடோவில் தொடங்கினார். ஃபெட்டின் சில உருவகப்படுத்தல்கள் தமிழிலும் உண்டு. இவற்றை ஆசிரியரே இயக்கிக் காட்டினால் அவையும் இன்னொரு காணொலியாகிவிடும். மவுஸை மாணவர் கையில் கொடுங்கள். ஒரே கணினிதான் இருக்கிறதென்றால் ஒருவர் இயக்கட்டும், எதை நகர்த்துவது என்று வகுப்பு சொல்லட்டும்.

பத்தாம் வகுப்புக்கு ஒரு கேள்வி தருகிறேன். இருபடிச் சமன்பாட்டின் வரைபடத்தில் எக்ஸ் வர்க்கத்தின் கெழுவையும் மாறிலியையும் அப்படியே வைத்துவிட்டு, எக்ஸின் கெழுவை மட்டும் நகர்த்தினால் பரவளையத்தின் முனை எந்தப் பாதையில் போகும்? பெரும்பாலோர் நேர்கோடு என்பார்கள். முனையின் தடத்தைப் பதியவிட்டு நகர்த்திப் பார்த்தால் தலைகீழான இன்னொரு பரவளையம் வரைந்துவிடும். ஏன் என்பதை அதன்பின் காகிதத்தில் நிறுவச் சொல்லுங்கள். நிறுவும் வேலை காகிதத்துக்கே உரியது. திரை அதற்கான ஆவலைக் கிளப்பிவிட்டால் போதும்.

அறையும் வெளிச்சமும்

முந்தைய நாள் மாலையில் திரையை ஓடவிட்டு, நீங்களே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பாருங்கள். எட்டு மீட்டர் தள்ளியிருக்கும் பிள்ளை சிரமமில்லாமல் படிக்க, திரையில் எழுத்து நான்கு சென்டிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். தமிழ் எழுத்துகளுக்குச் சுழியும் விசிறியும் இருப்பதால் இன்னும் சற்றுக் கூட்டுவது நல்லது. அறையை முழுதாக இருட்டாக்காதீர்கள். எழுத வெளிச்சம் வேண்டும், பிள்ளைகளின் முகமும் உங்களுக்குத் தெரிய வேண்டும். திரைக்குப் பக்கத்துச் சன்னலை மட்டும் மறைத்தால் பெரும்பாலும் போதும்.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகள், பெரும்பாலும் பையன்கள், எந்தப் பள்ளியிலும் இருப்பார்கள். அவர்களுக்கே அது தெரிந்திருக்காது. நிறத்தால் மட்டும் வேறுபடுத்தாமல் கோட்டின் வடிவத்தாலும் எழுத்தாலும் வேறுபடுத்துங்கள். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால், திரையில் நடப்பதை ஒரு தோழி மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வரலாம். தொட்டுப் பார்க்க ஒரு மாதிரியும் மேசைமேல் இருக்கட்டும். இந்தப் பிள்ளைக்காகப் படத்தைச் சொல்லால் விவரிக்கும் தோழிதான் அன்று வகுப்பிலேயே அதிகம் கற்றவளாக இருப்பாள்.

இணையத்தை நம்பிப் பாடத்தை அமைக்காதீர்கள். திக்‌ஷா செயலியில் பாடங்களை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளும் வசதி உண்டு. கரண்ட் போனால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு திட்டம் வேண்டும். கணிப்பை எழுதிய பிறகு மின்சாரம் போனாலும் பாடம் நிற்காது. பக்கத்தில் இருப்பவரோடு பேசி, யார் சரி என்று வாதாடிக்கொண்டிருக்கலாம். படம் நாளைக்கு வரட்டும்.

திரையை அணைத்த பிறகு

படம் முடிந்ததும் திரையை அணைத்துவிடுங்கள். பின்னால் ஓடிக்கொண்டே இருந்தால் கண் அங்கேயே போகும். நோட்டையும் புத்தகத்தையும் மூடச் சொல்லி, ஒரு வெற்றுத்தாளில் பார்த்ததை நினைவிலிருந்து வரைந்து பெயர் குறிக்கச் சொல்லுங்கள். அழகு வேண்டாம், அம்புக்குறிகள் சரியான திசையில் இருந்தால் போதும். பிறகு தொடக்கத்தில் எழுதிய கணிப்பை எடுத்து, அதன் பக்கத்திலேயே ‘நான் இப்படி நினைத்தேன், இப்படி நடந்தது, காரணம் இது’ என்று இரண்டு வரி எழுதட்டும்.

ஒரு வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், அதே படத்தை மறுபடி வரையச் சொல்லுங்கள். அந்தத் தாளுக்கு மதிப்பெண் போட வேண்டாம். பலரும் ஒரே இடத்தில் தவறியிருப்பார்கள். காணொலியில் அந்த இடம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று பார்த்து, உங்கள் பாடக்குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதே வகுப்புக்கு அந்தப் படத்தைக் காட்டும்போது முதலில் நிறுத்த வேண்டிய இடம் அதுதான்.